பாய்க்கு அடிக்காத பிளெக்ஸ்

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு டாக்டர் சொல்வது மட்டும் போதாது. பஸ் ஸ்டாண்டு முக்கில் பிளெக்ஸ் ஏற வேண்டும். மேகத்துக்கு நடுவே இறந்தவர் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ஒற்றைக் கண்ணிலிருந்து உருளும் ஒரு சொட்டு, கீழே இறந்தவரைவிடப் பெரிய முகங்களோடு வருந்துகிறவர்களின் வரிசை. இது ஏறினால்தான் அந்த மனிதர் போய்விட்டதாக ஊர் ஒத்துக்கொள்ளும். ஏறாவிட்டால் அடுத்த மாதமும் டீக்கடையில் யாராவது, "அவரக் கண்ணுலயே காணமே, ஊருக்குப் போயிட்டாருங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மேகத்தைப் போட்டுக்கொடுக்கிறவன் நான். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், இரண்டு ஊர் பஸ்ஸும் நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகிற ஒரு ஊரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படித்தேன். சிறுபத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதினேன். அவற்றைப் படித்தவர்கள் (எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம்) அவை ரொம்பவும் சிந்திக்க வைப்பதாகச் சொன்னார்கள். நகைச்சுவைக்காரனுக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. பிழைப்புக்கு மெஷின் வாங்கிப் போட்டேன்.

எனக்கு நேர் எதிரே, சேலம் ரோட்டைத் தாண்டினால் பாய் கடை. ஊரில் பிளெக்ஸ் அடிக்கும் கடை மொத்தம் இரண்டுதான். அதில் நல்ல கடை அவருடையது. இந்த வாக்கியத்தை அவர் உயிரோடு இருந்தவரை நான் எந்தப் பத்திரிகைக்கும் எழுதியிருக்க மாட்டேன்.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கைலி, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு கண்ணாடி. ஒன்று படிக்க, ஒன்று என் வேலையில் குற்றம் பார்க்க. என்னை 'மாப்ள' என்று கூப்பிடுவார். அவருக்கும் எனக்கும் உறவு கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் சண்டை போடுகிறவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவர் மகன் அந்தக் கணக்கில் என்னை 'மாமா' என்பான்.

சண்டை நிஜமான சண்டை. இளம்பிள்ளை சேலைக்கடைக்காரர்களின் ஆடித் தள்ளுபடி போர்டு, எடப்பாடி வரைக்கும் போகிற கல்யாண போர்டு, மாரியம்மன் பண்டிகை, கட்சிக்காரர்களின் பிறந்த நாள் என்று எதையும் அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. நானும் விட்டதில்லை. பஸ் ஸ்டாண்டு முக்கில் ஒரு பெரிய இரும்புச் சட்டம் நிற்கிறது. எதற்காக யார் நட்டார்கள் என்று தெரியாது. யார் முதலில் போய்க் கட்டுகிறார்களோ அவர்களுடைய போர்டுக்கு அது சொந்தம். விடியற்காலை நான் கயிற்றோடு போனால் பாய் அங்கே ஏணியில் நின்றுகொண்டு, "வாங்க மாப்ள, அந்தக் கயித்த செத்த இழுத்துப் புடிங்க" என்பார். நான் கொண்டுபோன கயிற்றில் அவர் போர்டைக் கட்டிய நாளும் உண்டு.

என் போர்டு எங்கே ஏறினாலும் வெயில் தாழ்ந்து பொழுதோட வந்து அதற்குக் கீழே நிற்பார். கண்ணாடியை மாற்றுவார். அண்ணாந்து பார்ப்பார்.

"பச்சை கொஞ்சம் ஜாஸ்தி மாப்ள."

"அது உங்க கண்ணாடிங்க பாய்."

"கழட்டிட்டும் பாத்தனுங்க. அப்பவும் ஜாஸ்தியாத்தான் இருக்குது. மாப்பிள்ளப் பையன் மஞ்சக்காமாலை வந்து எந்திரிச்ச மாதிரி நிக்கறான்."

பதிலுக்கு அவர் போர்டில் நான் எழுத்தைப் பழிப்பேன். "என்னங்க பாய், எழுத்தெல்லாம் ரேஷன் கடை வரிசையாட்டம் நிக்குது?" என்றால், "ரேஷன்ல நின்னா எல்லாருக்கும் கெடைக்குமுங்க. உங்க எழுத்து நம்ம பஸ்ல ஏர்ற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது" என்பார். சுற்றி இருக்கும் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். என் கட்டுரைகளுக்கு யாரும் சிரிக்காத ஊரில் அவர் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள். போட்டி என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

பாய் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிடிக்காத வேலை வந்தால் அவருடைய மெஷின் அடைத்துக்கொள்ளும். எங்கள் மெஷின்களில் மை பீய்ச்சும் பகுதிக்கு ஹெட் என்று பெயர். அது அடைத்துக்கொண்டால் வேலை நின்றுபோகும். பிரித்துத் துடைத்து ஊறவைத்து எடுக்க அரை நாள் ஆகும். "ஹெட்டு அடைச்சுக்கிச்சுங்க" என்பது எங்கள் தொழிலில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாத வாக்கியம். அண்ணன் தம்பி பாகத் தகராறில் ஒருவனை ஒருவன் திட்டி போர்டு வைக்க வந்தால் பாய்க்கு ஹெட் அடைத்துக்கொள்ளும். தன்னைப் பிடிக்காத பெண்ணின் படத்தைப் போட்டு வாழ்த்துச் சொல்ல ஒருத்தன் வந்தால் அடைத்துக்கொள்ளும். அதே நேரத்தில் அவர் கடையிலிருந்து மெஷின் சரக் சரக்கென்று ஓடும் சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்தவன் திரும்பி நேராக என்னிடம் வருவான்.

அப்படித்தான் ஒரு தடவை ஒருவர், "அப்பாவுக்குப் பொழுது தாண்டாதுன்னு சேலத்து டாக்டரு சொல்லிட்டாருங்க, இப்பவே அடிச்சு வெச்சுக்கலாம்" என்று வந்தார். பாய்க்கு ஹெட் அடைத்துக்கொண்டது. எனக்கு அடைக்கவில்லை. மேகம், விளக்கு, கண்ணீர் எல்லாம் போட்டு அடித்துச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கோயில் பண்டிகைக்கு போர்டு சொல்ல அவரே கடைக்கு வந்து, நிற்க முடியாமல், மூலையில் இருந்த அந்தச் சுருளின் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். எதிர்க்கடை வாசலில் பாய் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சுருளில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த டீயை அவ்வளவு மெதுவாக வேறு யாரும் குடித்து நான் பார்த்ததில்லை.

போன தை மாதம் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று பாயை என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனால் அங்கே ஓர் ஆட்டுக்கொட்டாய். கூரைக்கு பிளெக்ஸ். இது புதிதில்லை. எங்கள் போர்டுகள் முக்கில் இருப்பது கொஞ்ச நாள்தான். அப்புறம் அவை வெங்காயம் மூடவும் மரவள்ளிக் கிழங்கு மூடவும் கொட்டாய்க்குக் கூரையாகவும் போய்ச் சேரும். மழைக்கு அசையாது. எங்கள் படைப்பில் காலம் கடந்து நிற்பது அந்தத் துணி ஒன்றுதான்.

அந்தக் கூரையில் ஒரு பெரியவர் தலைகீழாகக் கிடந்தார். பாய் அடித்துக்கொடுத்த கண்ணீர் அஞ்சலி. மேகம் வெளுத்துவிட்டது, முகம் வெளுக்கவில்லை. பாய் மை அப்படி. ஓர் ஆடு பின்னங்காலில் எழும்பி, தொங்கிய ஓரத்தை, அந்தப் பெரியவரின் காதுப் பக்கமாக, இழுத்து மென்றுகொண்டிருந்தது.

நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. ஆட்டை விரட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, எக்கி அந்தத் துணியைத் திருப்பிப் போடப் பார்த்தார். முகம் வெளிப்பக்கம் இருந்தால் வெயில். உள்பக்கம் திருப்பினால் ஆட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் மரியாதையாக அமையவில்லை. கடைசியில் விட்டுவிட்டு ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

வண்டி பாதி வழி வந்திருக்கும். என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, நான் போனா எனக்கு போர்டு வெச்சிராதீங்க."

"உங்களுக்கு நான் எதுக்குங்க போர்டு வெக்கறேன்? பட்டாசுதான் வெடிப்பேன்."

"பட்டாசு வெடிச்சுக்கங்க, அது உங்க இஷ்டம். போர்டு வேண்டாம். எங்க பக்கம் மௌத்தானவங்க போட்டோவ வெச்சு மாலை போடற பழக்கமே இல்லீங்க. அதுக்கு மேல அந்த ஆட்ட வேற பாத்துட்டனா..."

"உங்க மகன்கிட்டச் சொல்லி வெயிங்க."

"அவன் என்னங்க பண்ணுவான்? நாலு பேரு வந்து மரியாதைக்குச் செய்யறம்பா. அழுதுட்டு நிக்கற புள்ள அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல முடியுமா? அத்தனையும் கடை வாடிக்கை. நீங்கதான் பாத்துக்கோணும்."

"நான் எதுக்கு?"

"எங்க கடை பூட்டியிருக்குமுல்ல? எல்லாரும் உங்ககிட்டத்தான வருவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி ஆடியது. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க மாப்ள, இன்னைக்கே போர்டு வெக்க உட்ருவீங்களாட்ட இருக்குது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர் இறந்தது ஆவணியில். காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பு வந்தது. தெருப் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகன், 'பிளெக்ஸ் கடை வைத்திருந்த' என்றார்கள். முதல் நாள் பொழுதோட எனக்கு எதிரே ஷட்டரை இறக்கி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாரேன் மாப்ள" என்று போன மனிதர். 'வைத்திருந்த' என்கிறார்கள். பாதி தூக்கிய ஷட்டரைப் பிடித்தபடி எதிர் ஷட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். உள்ளே வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. இறந்தவர்களைப் பற்றி வாரத்துக்கு நாலு வாக்கியம் எழுதுகிறவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை.

வியாபாரிகள் சங்கத் தலைவர் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஹார்டுவேர் கடைக்காரர், நல்ல மனிதர், எந்தத் துக்கத்தையும் முன்னின்று நடத்துவார்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்பறம் எடுக்கறாங்களாமுங்க. பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் கொண்டு போகோணும். அதுக்குள்ள முக்குல நம்ம சங்கத்து போர்டு நிக்கோணும். பெருசா, சட்டம் முழுக்க. ஊருக்கே போர்டு வெச்ச மனுசனுக்கு ஒரு போர்டு இல்லாமப் போனா நமக்குத்தானுங்க அசிங்கம்?" என்றார். பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் தனக்கும் ஒன்று என்றார். எல்லோருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. நடிப்பில்லை. அதுதான் சிக்கல்.

பாயின் மகன் என்னைத் தனியாக அழைத்துப் போனான். முப்பது வயதுக்காரன், அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, போர்டு வெக்கறோம்னு எல்லாரும் சொல்றாங்க. அத்தாவுக்கு இது புடிக்காது. மரியாதைக்குச் செய்யறாங்க, எப்படி மாமா வேண்டாங்கறது?"

"நீ ஒண்ணும் சொல்லாத சாமி. என்கிட்டத்தான வாராங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் முடியாது என்றால் சேலத்தில் அடித்து பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவர் விருப்பத்தைச் சொல்லலாம். சொன்னால், "எதிர்க்கடைக்காரனுக்கு இதுலயும் பொறாமை" என்பார்கள். இருபது வருஷம் நாங்கள் போட்ட சண்டைக்கு ஊரே சாட்சி. ஆகவே கடைக்குத் திரும்பி, வந்த ஆர்டரை எல்லாம் வாங்கிக்கொண்டேன். சங்கம், ஆட்டோ ஸ்டாண்டு, மண்டபம், கூடவே ஒரு கட்சிக் கிளை. என்னிடம் இருந்தால் வெளியே போகாது. அதற்கு மேல் திட்டம் எதுவும் இல்லை.

என் கடையில் டிசைன் செய்கிற பெண் விவரமானவள். அன்றைக்கு அவளை நாற்காலியிலிருந்து எழச் சொல்லிவிட்டு நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். முதல் சிக்கல் போட்டோ. ஊரில் எல்லோர் முகத்தையும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய மனிதர் தன் படத்தை எடுக்கவிட்டதே இல்லை. கடைசியில் சங்கத் தலைவர் ஒன்றை அனுப்பினார். சங்க ஆண்டு விழாவில் எடுத்தது. அதில் பாய் என் பக்கத்தில் நிற்கிறார். எதற்கோ சிரிக்கிறார். ஒரு கை என் தோளில் இருக்கிறது.

"உங்கள வெட்டிட்டு அவர மட்டும் போடுங்க" என்று தலைவர் குரல் அனுப்பியிருந்தார்.

வெட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கி, தாடியில் ஒவ்வொரு வெள்ளை முடியாக விட்டுவிட்டு என்னை எடுத்தேன். இருபது வருஷம் எதிரே பார்த்த முகம். இடது புருவத்தில் சின்னதாக ஒரு தழும்பு இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். என் தலை போனது, கழுத்து போனது, சட்டை போனது. தோளுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அவர் விரல்கள் என் சட்டையை அழுத்தியிருந்தன. துணி அந்த இடத்தில் மடிந்திருந்தது. தோளை எடுத்தால் கை அந்தரத்தில் தொங்குகிறது. கையையும் எடுத்தால் ஊனமாகத் தெரிகிறது. பின்னால் நின்றிருந்த அந்தப் பெண், "சார், உங்க தோளு இருந்துட்டுப் போகட்டுமே, மேகத்த வெச்சு மறைச்சரலாம்" என்றாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்திருப்பாள் போல. தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் செய்ததிலேயே அதுதான் நல்ல டிசைன் என்று நினைக்கிறேன். பச்சையைக்கூடக் குறைத்துவிட்டேன். அடிக்காமல் இருப்பதற்காக உட்கார்ந்தவனுக்கு, அடித்துவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. எனக்குத் தெரிந்த மரியாதை இது ஒன்றுதானே? வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? முக்கில் அந்தச் சட்டம் நிறைய அவர் சிரித்துக்கொண்டு நின்றால், ஊரே அண்ணாந்து பார்க்குமே. அப்புறம் அந்த ஆடு நினைவுக்கு வந்தது.

மாதிரியை வாட்ஸ்அப்பில் தலைவருக்கு அனுப்பினேன். திருத்தங்கள் வந்தன. செயலாளர் முகம் தலைவர் முகத்தைவிடப் பெரிதாக இருப்பதாகத் தலைவரும், சிறிதாக இருப்பதாகச் செயலாளரும் சொன்னார்கள். எங்கள் ஊர்த் துக்கத்தில் இந்தப் பகுதிக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அன்றைக்கு நான் அவசரப்படுத்தவில்லை. மதியத்து லுஹர் பாங்கு கேட்டது. கொஞ்ச நேரத்தில் தலைவர் போன் செய்தார்.

"அடிச்சாச்சுங்களா? கட்டறதுக்கு ஆளுங்க நிக்கறாங்க."

வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் தானாக வந்தது.

"ஹெட்டு அடைச்சுக்கிச்சுங்க."

பக்கத்து அறையில் ஒரு கல்யாண போர்டுக்காக மெஷின் சரக் சரக்கென்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். போய் ஸ்விட்சை அணைத்தாள். பிறகு பக்க மூடியைக் கழற்றி வைத்து, ஒரு துணியை மருந்தில் நனைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக நின்றிருக்க மாட்டாள்.

ஆட்டோ ஸ்டாண்டு, மண்டபம், கட்சிக் கிளை எல்லோருக்கும் அதே பதில்தான். சங்கத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த மாதிரியையே சேலத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைச் சட்டத்தின் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். புதிதாகச் செய்ய நேரமில்லை, ஒரிஜினல் ஃபைல் வேண்டும் என்று சேலத்துக் கடைக்காரர் சொல்லிவிட்டார். தலைவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறார் என்று செய்தி வந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். திரையில் பாய் சிரித்துக்கொண்டிருந்தார். மேகத்துக்குள் ஒரு கை மறைந்திருந்தது. சங்கத் தலைவரின் அந்த ஒரு போட்டோவைத் தவிர அவருக்குப் படமே கிடையாது. இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பெரிதாக இனி எங்கேயும் இருக்கப்போவதில்லை. மூடப் போனேன். சேமிக்கவா என்று திரை கேட்டது. அது எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். தெருவில் தலைவர் வண்டியின் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். திரையில் என் கடைப் பெயர் மட்டும் மிச்சம் நின்றது.

"ஃபைலையாவது குடுங்க, பென் டிரைவ் கொண்டாந்திருக்கறேன்" என்று உள்ளே வந்தார் தலைவர்.

"ஃபைல் போயிருச்சுங்க."

"போயிருச்சா? எங்க போச்சு?"

"சேவ் பண்ணலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். மூடி கழன்ற மெஷினைப் பார்த்தார். ஈரத் துணியோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் துக்க நாள். குரலை உயர்த்த முடியவில்லை. "எம்.ஏ. படிச்சிருக்கறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் இது ஒரு வசவு.

அஸர் தொழுகை முடியும்வரை பள்ளிவாசல் வெளியே மற்றவர்களோடு நின்றேன். பாயைக் கிடத்திய சந்தூக் பெட்டி வெளியே வந்ததும் கூட்டம் அதோடு நகர்ந்தது. ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துக்கொண்டே போனார்கள். பஸ் ஸ்டாண்டு முக்கு வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் விலகி இடம் விட்டார். கட்டையைத் தோளில் வாங்கினேன். நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது, நினைத்ததைவிட அழுத்தியது. இரும்புச் சட்டத்துக்குக் கீழே போனோம். அதில் பழைய கயிற்றுத் துணுக்குகள் தவிர எதுவும் இல்லை. கம்பிகளுக்கு நடுவே சாயங்கால வானம், அதில் நிஜ மேகம் ஒன்றிரண்டு. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் சந்தூக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன்.

திரும்பும்போது வாசலில் தலைவர் பத்துப் பேருக்கு நடுவில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அதுவரை அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"இத்தன வருசமா கடை வெச்சிருக்கறீங்க. ஒரு நல்ல மனுசனுக்கு ஒரே ஒரு போர்டு. உங்களால அடிச்சுக் குடுக்க முடியல. இதே பாய் இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமுங்களா? சொன்ன நேரத்துக்கு முக்குல நின்னிருக்கும்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றது. அப்படியே தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

"ஆமாங்க" என்றேன். "பாய் இருந்திருந்தா அடிச்சிருப்பாரு."

சற்றுத் தள்ளி நின்ற பாயின் மகன் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினானா, குனிந்தானா, தெரியவில்லை. கூட்டம் கலைந்தது. மறுநாள் யாரும் போர்டு கேட்டு வரவில்லை. ஊர்வலம் போன பிறகு, பார்க்கக் கூட்டம் இல்லாத முக்கில் யாரும் போர்டு வைக்க மாட்டார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பாய்க்கும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஊரில் என் பெயர் கொஞ்சம் கெட்டுத்தான் போனது. "பாய் கடைன்னா நம்பிச் சொல்லலாம், இவரு கடைல எப்ப மெஷின் நிக்கும்னே தெரியாதுங்க" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். நான் மறுப்பதில்லை. புரட்டாசியில் பாயின் மகன் கடையைத் திறந்தான். முதல் ஆர்டரே வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா போர்டு. நியாயமாகப் பார்த்தால் எனக்கு வந்திருக்க வேண்டியது.

அது முக்கில் ஏறிய அன்று பொழுதோட ரோட்டைத் தாண்டி நடந்து போனேன். பாயின் மகன் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்றான். போர்டுக்குக் கீழே நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வருகிற வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

அண்ணாந்து பார்த்தேன். பச்சை சரியாக இருந்தது.

அந்த வாக்கியத்தோடேயே கடைக்குத் திரும்பினேன்.